ஒரே அட்டையில் இரண்டு வாய்

மார்ச் 4

அக்கா,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் கட் செய்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். இதைக் கட் செய்ய முடியாது, கிழிக்க மட்டும்தான் முடியும்.

உன் பெண் கொசுவுக்குப் பல் வலி. எட்டு வயதுப் பெண் எப்படி வலிக்கிறது என்று சொல்வாள் என்று உனக்குத் தெரியும். "மாமா, உள்ள யாரோ கதவு தட்டுற மாதிரி இருக்கு"ன்னாள். இடது பக்கம், கீழே, கடைசிப் பல். நேற்று பாதி ஷிப்டை விட்டுவிட்டு அவளைப் பிள்ளைகளுக்கான இலவசப் பல் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீ டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் போன அவளுடைய சிகிச்சை அட்டை கையில் இருந்தது.

இப்போது கவனமாகப் படி. டோக்கன் கொடுக்கிறவர் அட்டையை வாங்கி, பெரிய நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்.

"ஜனவரி ஒன்பதாம் தேதி பார்த்திருக்கோமே. வலது கீழ் கடைவாய்ப் பல்லு. நரம்பு சுத்தம் பண்ணி தற்காலிக சிமெண்ட் வச்சாச்சு. ரெண்டாவது சிட்டிங் மார்ச் இருபத்தேழு. அட்டையிலேயே எழுதியிருக்கு பாருங்க."

"இவளுக்கு வலிக்கிறது இடது பக்கம் சார்."

"அப்ப அது புது கேஸ். ஆறு மாசத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு கேஸ்தான். ஜூலையில வாங்க."

"ஜூலை வரைக்கும் வலி பொறுக்குமா சார்?"

"அதை வலிகிட்டத்தான் கேக்கணும்."

வீட்டுக்கு வந்ததும் லிஃப்ட் குழிக்குள் அடிக்கிற டார்ச்சை எடுத்து அவள் வாய்க்குள் அடித்துப் பார்த்தேன். வலது கீழ்ப் பக்கம் சிமெண்டும் இல்லை, ஓட்டையும் இல்லை. புதுச் சோப்பு மாதிரி இருக்கிறது. மூன்று தடவை பார்த்தேன். என்னைச் சந்தேகப்பட்டுக் கண்ணாடியை எடுத்து அவளே பார்த்தாள்.

நீ ஊரை விட்டுக் கிளம்பியது ஜனவரி பதினேழு. ஒன்பதாம் தேதி இங்கேதான் இருந்தாய். அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தது யார்?

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

நோட்டில் ஏதாவது தப்பாக எழுதியிருப்பார்கள். ஒரு நாளில் அறுபது பிள்ளைகளைப் பார்க்கிற இடம் அது. இதற்குப் போய் ஏன் போலீஸ் மாதிரி கேள்வி கேட்கிறாய்?

அவளுக்கு வலி எப்படி இருக்கிறது, அதை எழுது. இரவில் அழுகிறாளா? எந்தக் கன்னத்தை வைத்துத் தூங்குகிறாள்? பஞ்சில் கிராம்புத் தைலம் தொட்டு வை. பயப்படாதே, விழுந்து முளைக்கிற பல்தானே.

இதோடு மூன்று மெழுகுத் தகடு அனுப்பியிருக்கிறேன். ரோஸ் நிறத்தில் மிட்டாய் மாதிரி இருக்கும், கொசு தின்றுவிடாமல் பார்த்துக்கொள். கை பொறுக்கிற வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடு. கொதிக்கிற நீரில் போடாதே. மெத்தென்று ஆனதும் அவளை ஒரே தடவை அழுத்திக் கடிக்கச் சொல். பிறகு பச்சைத் தண்ணீரில் போட்டு இறுகவைத்து, பஞ்சு சுற்றி டப்பாவில் அனுப்பு. நான் அதில் சாந்து ஊற்றி, பல் எப்படி இருக்கிறது என்று அச்சு எடுத்துப் பார்க்கிறேன்.

இங்கே முப்பத்திரண்டு பெண்கள் இருக்கிறோம். மேஜைக்கு நாலு பேர். நாள் முழுக்க வயதானவர்களுக்குப் பல்செட் செய்கிறோம். என் வேலை மெழுகில் பல் நடுவது, பிறகு ஈறு நிறப் பகுதியைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. பல்லில் எத்தனை மஞ்சள் இருக்கிறது தெரியுமா? பதினாறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். டீ குடிக்கிறவர், சிகரெட் பிடிக்கிறவர் என்று எண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவேன். முகம் தெரியாத கிழவர் ஒருவர் என் கையில் வந்து சிரித்துவிட்டுப் போவார்.

பதினாலு மாத ஒப்பந்தத்தில் இரண்டு மாதம்கூட முடியவில்லை. அவள் பல்லின் அச்சாவது என் மேஜையில் இருக்கட்டும்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

நான் கேட்ட ஒரே கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. பதினாறு மஞ்சளைப் பற்றி எழுதியிருக்கிறாய். நல்லது. பதில் என் கைக்குத் தானாகவே வந்துவிட்டது.

முதல் தகடு பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டது. ஆமாம், கொதிக்கிற நீரில்தான் போட்டேன். இரண்டாவதைக் கொசு கடித்தாள். மாடி அக்கா மகள் நெட்டையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பள்ளி விட்டதும் கொசு மாடி அறையில்தான் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். நான் ஏழு மணிக்கு வரும்வரை மாடி அக்காதான் சோறு போட்டுப் பார்த்துக்கொள்கிறார். "எனக்கும் ஒண்ணு மாமா"ன்னு நெட்டை கேட்டாள். மிச்சம் ஒரு தகடு இருந்தது, கொடுத்தேன்.

இரண்டையும் ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். நெட்டையின் தகட்டில் வலது கீழ்க் கடைசிப் பல் மட்டும் தட்டையாக, தேய்ந்த நாணயம் மாதிரி பதிந்திருந்தது. மற்ற பல்லுக்கெல்லாம் மேடு பள்ளம் இருந்தது. டார்ச்சை எடுத்தேன். சாம்பல் நிறச் சிமெண்ட்.

"இதை யாரு வச்சது?"

"டாக்டர்."

"உனக்குத்தான் அட்டையே கிடையாதே?"

கொசுவைக் கை காட்டிச் சொன்னாள்.

"அந்த ரூம்ல நான் இவ."

இதைச் சொல்ல அவளுக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. ஒன்பது வயதில் அவள் கற்றுக்கொண்டிருக்கும் விஷயம் இது.

உடனே மேலே போனேன். மாடி அக்கா நாலு கட்டிடத்துப் படிக்கட்டைக் கழுவிவிட்டு வந்து அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். நான் கத்தினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "தண்ணி குடிக்கிறியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு எனக்குக் கத்தத் தெரியவில்லை.

ஆனால் உன்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது. நான் பார்க்கிற வேலையில் ஒரு சட்டம் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் லிஃப்டை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, பிரேக்கைப் பார்த்து, வடத்தைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு உள்ளே ஒட்ட வேண்டும். தவறினால் கட்டிடத்துக்காரனுக்கு நோட்டீஸ் வரும். நாலு பேர் ஏறி இறங்குகிற பெட்டிக்கு இந்த மரியாதை உண்டு. பிள்ளையின் வாய்க்கு ஆறு மாதத்தில் ஒரு முறை, அதுவும் அட்டை இருந்தால். அந்த ஒரு முறையையும் நீ இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாய்.

இருபத்தேழாம் தேதி அட்டை கொசு பெயரில் இருக்கிறது. கொசுதான் உட்காருவாள்.

இரண்டு தகடும் டப்பாவில் இருக்கின்றன. எது யாருடையது என்று எழுதவில்லை. நீயே கண்டுபிடி.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். கொசுவின் முன்பல் இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நான் மறப்பேனா?

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். அந்த ஜனவரித் தேதிக்காக ஆகஸ்டிலிருந்து காத்திருந்தோம். ஒன்பதாம் தேதி காலையில் கொசுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். நெட்டை படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கக் கன்னம் வீங்கி, அந்தப் பக்கக் கண்ணே மூடியிருந்தது. அழக்கூட வாயைத் திறக்க முடியவில்லை அவளுக்கு. மாடி அக்கா எங்கே போவார்? அவர் இருக்கிற அறை வீட்டுக்காரர் பதிவில் தண்ணீர்த் தொட்டி அறை. அங்கே ஆள் குடியிருப்பதாகவே ஒரு காகிதமும் கிடையாது. முகவரி இல்லாத பிள்ளைக்கு அட்டை இல்லை.

கொசு ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு வலியும் இல்லை. வலி இல்லாத பிள்ளையை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, வாயைப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்லி அனுப்புவார்கள். அதற்கு ஒரு தேதியைச் செலவழிப்பதா என்று தோன்றியது. அவ்வளவுதான் தம்பி நான் யோசித்தது. சடையைப் பாதியில் விட்டுவிட்டு நெட்டையைக் கூட்டிக்கொண்டு போனேன். மாடி அக்கா கேட்கவில்லை. நான்தான் கொடுத்தேன். அவரைத் திட்டாதே.

நேற்று இரண்டு தகட்டிலும் சாந்து ஊற்றினேன். கொசுவின் இடது கீழ்க் கடைசிப் பல்லில் மெழுகில் ஒரு மேடு இருந்தது. சாந்தில் அது குழியாக வந்தது. மிளகு உட்காருகிற அளவு. எங்கள் மேற்பார்வையாளர் அம்மா பின்னால் வந்து நின்றார். "யாருது?" என்றார். என் பெண்ணுடையது என்றேன். "வயசு?" எட்டு என்றேன், பால் பல்தான் அம்மா, விழுந்துடும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"இது ஆறு வயசுல முளைக்கிற பல்லு. எந்தப் பல்லும் விழாம, பின்னாடி தனியா முளைக்கும். அதனாலதான் எல்லாரும் பால் பல்லுன்னு நினைச்சுக்கிறீங்க. இது போனா அவ்வளவுதான். அப்புறம் நாம செய்யற பொய்ப் பல்லுதான்."

நான் தினமும் நூற்றுக்கணக்கில் பல் தொடுகிறேன். அதில் ஒன்றுகூட முளைத்த பல் இல்லை. எது விழும், எது விழாது என்று எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டிய இடம் அந்த நாற்காலிதான். ஜனவரியில் அவள் உட்கார்ந்திருந்தால் அந்தக் குழி எள்ளளவு இருந்திருக்கும். அன்றைக்கே அடைத்திருப்பார்கள்.

நெட்டைக்கு இரண்டாவது சிட்டிங் நடக்காவிட்டால் உள்ளே மறுபடி சீழ் பிடிக்கும், பல்லைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்கிறார் மேற்பார்வையாளர் அம்மா. அவளுக்கும் அது விழாத பல்.

இரண்டு சாந்து அச்சும் என் எதிரே இருக்கின்றன. யாரைக் கூட்டிப் போ என்று எழுத மூன்று தடவை பேனாவை எடுத்தேன். முடியவில்லை. நீ முடிவு செய்.

அக்கா


மார்ச் 24

அக்கா,

இது உன் கைக்கு வரும்போது இருபத்தேழு முடிந்திருக்கும்.

நான் சும்மா இருக்கவில்லை. நான் சர்வீஸ் பார்க்கிற கட்டிடங்களில் இரண்டு தனியார் பல் மருத்துவமனைகள் இருக்கின்றன. முதல் இடத்தில், "பத்து வயசுக்குக் கீழ நாங்க எடுக்கிறதில்லைங்க. ஆடும், அழும், கையைக் கடிக்கும்" என்றாள் வாசலில் இருந்த பெண். இரண்டாவது இடத்தில் பிள்ளைகளுக்கென்று தனி டாக்டர் மாதம் ஒரு நாள் வெளியூரிலிருந்து வருகிறாராம். இந்த மாதம் வந்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த மாதம் நிறைந்துவிட்டது. அவர்கள் லிஃப்ட் நடுவில் நின்றால் பத்து நிமிடத்தில் நான் போய் நிற்க வேண்டும், அதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள்.

பிறகு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வருடா வருடம் உடல் பரிசோதனை என்று ஒரு படிவம் நிரப்புகிறார்களே, அதைக் காட்டச் சொன்னேன். கொசு வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். 'பற்கள்' என்ற கட்டத்தில் நாற்பத்திரண்டு முறை 'நன்று'. ஒரே பேனா, ஒரே சாய்வு. பாதிப் பக்கத்தில் கை வலித்திருக்கும் போல, அதற்குப் பிறகு மேற்படிக் குறிதான்.

"டீச்சர், பல்லைப் பார்த்தது யாரு?"

"ஒருத்தர் வந்தாருங்க."

"வாயைத் திறக்கச் சொன்னாரா?"

"வகுப்பு வாசல்ல நின்னாரு. பிள்ளைங்க எல்லாம் 'வணக்கம் ஐயா'ன்னு சொன்னாங்க. அப்ப வாய் திறந்துதானே இருந்துச்சு."

டீச்சர் நக்கலாகச் சொல்லவில்லை. அவரும் களைத்துப்போய்த்தான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

கொசுவுக்கும் நெட்டைக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஆளுக்குப் பாதி நேரம் உட்காரலாம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். யார் முதலில் என்பதில்தான் சண்டை.

முடிவு செய்யச் சொன்னாய். நன்றாகச் சொன்னாய் போ.

தம்பி


மார்ச் 28

அக்கா,

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். என்னைப் பற்றி நீ என்ன நினைத்தாலும் சரி.

ஒரு முடிவும் எடுக்காமல்தான் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். மாடி அக்கா நெட்டைக்குச் சடை போட்டு அனுப்பினார். பெஞ்சில் மூன்று மணி நேரம். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு சின்னப் பெண் அம்மா மடியில் அழுது அழுது தூங்கியே போனாள். பதினோரு மணிக்கு உள்ளேயிருந்து கொசுவின் பள்ளிப் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் சேர்ந்து எழுந்தார்கள்.

நான் கொசுவின் கையைப் பிடித்தேன். யோசிக்கவில்லை. அந்த நொடியில் என் கை பிடித்தது அவளைத்தான்.

டாக்டர் அம்மா நாற்காலியை உயர்த்தி, விளக்கை இழுத்து, அட்டையைப் பார்த்து, வாயைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"ஜனவரியில நான் வச்ச சிமெண்ட் எங்க?"

"விழுந்துடுச்சு டாக்டர்" என்றேன்.

"சிமெண்ட் விழும். நான் போட்ட ஓட்டையுமா விழுந்துடுச்சு?"

நான் தரையைப் பார்த்தேன். அங்கே பச்சை நிறத்தில் டைல்ஸ், ஒன்று உடைந்திருந்தது. அப்போது கதவோரம் நின்ற நெட்டை வாயைப் பெரிதாகத் திறந்து, விரலை உள்ளே விட்டுக் காட்டினாள்.

"அது இங்க இருக்கு டாக்டர்."

டாக்டர் அம்மா கோபப்படவில்லை. நான் எதிர்பார்த்தது கோபத்தைத்தான், திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். எல்லாவற்றையும் சொன்னேன். கையுறையைக் கழற்றியபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இந்த மாசம் இது ஆறாவது அட்டை" என்றார். "போன வாரம் ஒரே அட்டையில மூணு வாய் வந்துச்சு. மூணு பேரும் அண்ணன் தம்பியாம். ஒருத்தன் சாயலும் ஒருத்தனுக்கு இல்ல."

நெட்டையை உட்காரவைத்தார். நாற்பது நிமிடம். அவள் அழவில்லை, கொசுவின் கையை நசுக்கினாள். கொசுதான் அழுதாள். பல் பிழைத்துவிட்டது என்று நினைக்கிறேன். அடுத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், நோட்டில் எழுதாமல் கொசுவைப் பார்த்தார். குழியைச் சுத்தம் செய்து தற்காலிகமாக அடைத்தார். இன்னும் நரம்பைத் தொடவில்லையாம். "மூணு மாசம் தாங்கும். அதுக்குள்ள சரியா அடைச்சுட்டா பல்லு இவளோடது. விட்டா எனக்கு நரம்பு வேலை, அப்புறம் பிடுங்கற வேலை."

ஆனால் கொசுவுக்குத் தேதி வேண்டுமென்றால், ஜனவரிக் கேஸ் அவளுடையது இல்லை என்றாக வேண்டும். அதற்கு நெட்டைக்குத் தனி அட்டை வேண்டும். அதற்கு முகவரி வேண்டும். டாக்டர் அம்மா ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். "முகவரி இருக்கிற யாராவது கையெழுத்துப் போட்டா, நோட்டுல பெயரை நான் மாத்தி எழுதிக்கிறேன். வேற எதுவும் நான் கேக்கல."

குழந்தை வசிக்கும் இடம்: நம் வீடு. பாதுகாவலர்: நான். உறவு என்று ஒரு கோடு. தண்ணீர்த் தொட்டி அறை என்று உண்மையை எழுத அந்தப் படிவத்தில் இடமே இல்லை அக்கா, பொய் எழுதத்தான் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 'அக்கா மகள்' என்று எழுதினேன்.

டோக்கன்காரர் படித்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார்.

"உங்க அக்காவுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"ரெண்டு சார்."

"இத்தனை வருஷமா ஒண்ணுதானே இருந்துச்சு?"

"சோம்பேறித்தனம் சார். இப்பத்தான் எழுதறோம்."

முத்திரை குத்திவிட்டார். மாடி அக்காவிடம் புது அட்டையைக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்து, கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாங்கிக்கொண்டார். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "ஏழு மணிக்கு வா, சோறு ஆறிடும்" என்றார்.

கொசுவின் தேதி ஜூன் பத்தொன்பது, நெட்டைக்கு மறுபார்வை ஜூலையில். நம் வீட்டு முன்கதவின் உள்பக்கம், லிஃப்டில் ஒட்டுகிற சர்வீஸ் அட்டை ஒன்றை ஒட்டியிருக்கிறேன். இரண்டு பெயர், இரண்டு தேதி, கையெழுத்துக்கு இடம். வலி நின்றுவிட்டது. இன்று கொசு ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டே மாடிக்கு ஏறினாள்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் கை கொசுவைத்தான் பிடித்தது என்று எழுதியிருக்கிறாய். நான் அங்கே இருந்திருந்தால் என் கையும் அவளைத்தான் பிடித்திருக்கும். ஜனவரியில் அப்படிச் செய்யாதவள் இதைச் சொல்கிறேன். அதனால் இதைப் பற்றி நாம் இனி பேச வேண்டாம்.

சாந்து அச்சு இரண்டையும் மேஜை ஓரத்தில் வைத்திருக்கிறேன். பக்கத்து மேஜைப் பெண் ஒருத்தி, "இதுல உன் பொண்ணு எது?" என்று கேட்டாள். 'ரெண்டும்' என்று படிவத்தில் உள்ளபடியே சொன்னேன். அவளுக்கும் ஊரில் ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கடைசிப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டேன், தெரியாது என்றாள். இன்று அவளும் வீட்டுக்கு மூன்று தகடு அனுப்பியிருக்கிறாள். கொதிக்கிற நீரில் போடாதே என்று பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன்.

வலி நின்றுவிட்டது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த வரிதான் பயமாக இருக்கிறது. ஜூன் பத்தொன்பது அன்று உனக்கு எங்காவது லிஃப்ட் நின்றிருக்கும். மழை பெய்யும். அவளுக்குப் பள்ளியில் ஏதாவது இருக்கும். படியில் வேறு யாராவது கன்னம் வீங்கி உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்திருந்தால் அவர்களையும் கூட்டிக்கொள். ஆனால் அவளை விட்டுவிட்டுப் போகாதே. வலிக்கவே இல்லை மாமா என்று அவளே குதித்துக் காட்டினாலும் கூட்டிக்கொண்டு போ.

கதவில் கையெழுத்துப் போட்டதும் எனக்கு எழுது.

அக்கா